உப்பு ஒட்டாத ஷூ

நாகர்கோவிலில் இருந்து முட்டம் போகிற பஸ்ஸில் காஷிஃபின் மடியில் ஒரு ஷூ டப்பா இருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அதைக் கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பக்கத்து சீட்டு அம்மாள் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டார்.

“புது ஷூவா மக்களே?”

“இல்லம்மா, பாடி. வாயைப் பொளந்துனு கிடக்குது. எப்படி செத்துச்சுன்னு விசாரிக்க எடுத்துனு போறோம்.”

அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு பின் சீட்டுக்குப் போய்விட்டார்.

முன் சீட்டில் இருந்து அம்சவேணி திரும்பாமலே சொன்னாள். “காஷிஃப், வாயை மூடு. ஷூவோட வாயைச் சொல்லல.”

அம்சவேணி ஜோலார்பேட்டையில் ரயில்வே போலீஸில் இருந்தவள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற விதத்தைப் பார்த்தே அது அவன் பெட்டியா அடுத்தவன் பெட்டியா என்று சொல்லிவிடுவாள். யூனிஃபார்மைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் ஆரம்பித்தாள். காஷிஃப் அவளுடைய ஒரே உதவியாளன். ஊர் உலகத்தில் எதைப் பற்றியும் ஒரு கமெண்ட் வைத்திருப்பான். அந்தக் கமெண்ட்டில் எப்போதாவது ஒரு துப்பும் இருக்கும் என்பதால் அம்சவேணி அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை.

டப்பாவுக்குள் இருந்த ‘பாடி’யின் கதை நேற்றுக் காலையில் அவர்கள் கைக்கு வந்தது.

தன்சீல் அகமதுவின் ஷூ ஃபேக்டரி ஆம்பூரில் பெரிய ஃபேக்டரி இல்லை. ஆனால் அவரைத் தேடி ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வந்திருந்தது. அந்த நாட்டில் ஜனங்கள் லீவு கிடைத்தால் கடலோரப் பாறைகளில் ஏறி இறங்கி, பின்னால் இருக்கிற கிராமங்கள் வழியாக வயலும் தோப்புமாகச் சுற்றி நடப்பார்களாம். அதற்கென்றே ஒரு ஷூ. ஆர்டர் தருவதற்கு முன் ஒரே ஒரு நிபந்தனை. சாம்பிள் ஜோடியை அதே மாதிரி ஒரு பாறைக் கடற்கரையில் ஒருவன் போட்டு நடக்க வேண்டும். நடந்து முடித்ததும் வீடியோ காலில் காட்ட வேண்டும்.

ஆம்பூரில் பாறைக்குப் பஞ்சம் இல்லை. கடலுக்குத்தான் எங்கே போவது? பாலாற்றில் தண்ணீர் வந்தாலே ஊர் கூடிப் போய் வேடிக்கை பார்க்கும். அதனால் சாம்பிள் ரூமில் வேலை பார்க்கும் பிரேம்குமாரை முட்டத்துக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் நடந்தான், திரும்பி வந்தான், டப்பாவைத் திறந்தான். இடது கால் ஷூவின் சோல் முன்பக்கம் அப்படியே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

அந்த சோலை ஒட்டியவள் கலையரசி. ஆர்டர் வந்தால் புது லைனுக்கு அவள்தான் சூப்பர்வைசர் என்று பேச்சு. அவளோடு வேலை செய்யும் பெண்கள் அத்தனை பேருக்கும் அந்த லைனில் இடம். இப்போது அவள் அம்சவேணியின் முன்னால் நின்றாள், கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம்தான் இருந்தது.

“என் கை வெச்ச சோல் பிரியாது மேடம். பிரிஞ்சிருந்தா நானே வேலையை விட்டுப் போய்ட்றேன்னு சார்கிட்ட சொல்லிட்டேன்.”

தன்சீல் அகமது நெற்றியைத் தடவினார். “பிரிஞ்சுதான இருக்குது, நான் இன்னா பண்றது? நாளைக்கு நாலு மணிக்கு அவங்க வீடியோ கால்ல வருவாங்க. பொய் சொல்லி ஆர்டர் வாங்குற பழக்கம் எனக்கில்ல. அதுக்குள்ள நீங்க எதாச்சும் கண்டுபிடிச்சா பாருங்க.”

காஷிஃப் குனிந்து ஷூவைப் பார்த்தான். “எங்க பெரியப்பா பையன் ஒவைஸ் தன்னோட நிக்காவுக்குன்னு ஒரு ஷூ வாங்கி பெட்டியில பூட்டி வெச்சான். பொண்ணு கிடைக்க ஆறு வருஷம் ஆய்டுச்சு. மண்டபத்துல மாப்பிள்ளை நடந்து மேடைக்குப் போய்ட்டார், சோல் ரெண்டும் வாசல்லயே நின்னுடுச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. அவனுடைய நல்ல ஜோக்குகளுக்கெல்லாம் இந்தக் கதிதான்.

அம்சவேணி ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தாள். பிரிந்த இடத்தை மட்டுமே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பிரியாத இடத்தைப் பார்த்தாள். சோலில் வெட்டியிருந்த பற்கள் எல்லாம் அச்சிலிருந்து எடுத்த மேனிக்குக் கூர்மையாக இருந்தன.

“பிரேம்குமார், இதைப் போட்டுனு ஒரு வாரம் பாறையில நடந்தீங்களா?”

“நடந்தேன் மேடம். சத்தியமா.” அவன் முகத்தில் பயம் இருந்தது. திருட்டுத்தனம் இருந்ததா என்று காஷிஃபால் சொல்ல முடியவில்லை. “எனக்கு அந்த ஊர் புதுசில்ல. கொரோனாவுக்கு முன்னால, கலையரசி வேலைக்குச் சேராதப்பவே, இதே கம்பெனி, இதே மாடல், இதே கலருக்கு ஒரு தடவை போயிருக்குறேன். போய் இறங்கின அன்னைக்கே ஆர்டர் கேன்சல்னு போன் வந்துச்சு, திரும்பிட்டேன். இந்தத் தடவைதான் முழுசா நடந்தேன்.”

வெளியே வந்ததும் காஷிஃப் தீர்ப்பே எழுதிவிட்டான். “அக்கா, கேஸ் முடிஞ்சுது. ஆளு நடக்கவே இல்ல. ஒரு வாரம் மீன் குழம்பு சாப்ட்டுத் தூங்கிட்டு, வர்ற வழியில ஷூவை எங்கயோ மாட்டிக் கிழிச்சுனு வந்துட்டான்.”

“அப்படின்னா அவனைப் பார்த்தவங்க அங்க யாரும் இருக்க மாட்டாங்க,” என்றாள் அம்சவேணி. “ஜோலார்பேட்டையில வண்டி ஏறுறோம். கிளம்பு.”

*

முட்டத்தில் இறங்கியதும் காற்று வந்து காஷிஃபின் சட்டைக்குள் புகுந்து முதுகைத் தட்டியது. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே செம்மண் மேடு சரிந்து இறங்கி, கறுப்பும் பழுப்புமாய்ப் பாறைகளில் முடிந்தது. பாறைக்கு நடுவே அலை வந்து விழுந்து, வெள்ளையாக எழுந்து, மறுபடி இடுக்கில் ஓடி ஒளிந்தது. மெரினாவைத் தவிர வேறு கடலைப் பார்க்காத காஷிஃபுக்கு இது வேறு ஜாதிக் கடலாகத் தெரிந்தது. மனசு லேசாகிவிட்டது. கேஸ் என்று ஒன்று இருப்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

மேட்டில் இருந்த டீக்கடைக்காரரிடம் அம்சவேணி பிரேம்குமாரின் போட்டோவைக் காட்டினாள்.

“இவரா? தெரியுமே. தினமும் காலையில இந்த வழியாத்தான் நடப்பாரு. அங்க மணல் வருதுல்லா, அங்க ஷூவைக் கழத்தி, கயித்தைக் கட்டி, கழுத்துல மாலை மாதிரி போட்டுக்கிடுவாரு.”

“கழட்டிட்டாரா?”

“பின்னே, கடக்கரை மணல்ல ஷூ போட்டா நடப்பாவ? நீங்க நடப்பியளா?”

காஷிஃப் தன் காலைப் பார்த்தான். பேசிக்கொண்டே இருந்தவன் எப்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. மணலைக் கண்டதும் கால் தானாகச் செய்த வேலை.

“அக்கா, பாத்தீங்களா?” அவன் குரலில் வெற்றி. “வெளிநாட்டுக்காரன் கால்ல போடுன்னு குடுத்தான், இவன் கழுத்துல போட்டுனு நடந்திருக்கான். டெஸ்ட் நடந்தது கழுத்துக்குத்தான். ஷூவுக்கு இல்ல.”

“மணல்ல கழட்டினான் சரி. பாறையில?”

“பாறையிலயும் கழட்டிருப்பான்.”

“நீ செருப்பில்லாம அந்தப் பாறையில ஏறிக் காட்டு,” என்று சொல்லிவிட்டு அம்சவேணி கான்வாஸ் ஷூவோடு முன்னால் விறுவிறு என்று போய்விட்டாள்.

காஷிஃப் ஏறினான். பாறை முழுக்கச் சின்னச் சின்னச் சிப்பிகள் ஒட்டிக்கொண்டு, மிதித்தால் கத்தி மாதிரி குத்தியது. கண்ணில் தண்ணீர் வர, செருப்பை மாட்டிக்கொண்டான். ரப்பர் செருப்போ பாசியைக் கண்டதும் அவனைக் கைவிட்டது. வழுக்கி உட்காரப் போனவனின் கையை யாரோ இறுகப் பிடித்துத் தூக்கினார்கள்.

மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் ஒரு ஸ்பேனர் பை, காலில் சேறும் மீன் செதிலும் அப்பிய பூட்ஸ். ஐம்பது வயது இருக்கும். “பாத்துப் போவும் தம்பி,” என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் ஆடு தாவுவதுபோலப் பாறைக்குப் பாறை தாவி மீன்பிடித் துறைமுகத்தின் பக்கம் போனார். லுங்கிக்குக் கீழே பூட்ஸ் போட்ட ஆளைக் காஷிஃப் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அக்காவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தான், அதற்குள் அவள் கூப்பிட்டுவிட்டாள்.

பாறைகளுக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டையான இடத்தில் ஒரு பெண் நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்சவேணி போட்டோவைக் காட்டிய உடனே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இவனா! ஷூவோட வந்து அந்தக் குழிக்குள்ள விழுந்து, உப்புத் தண்ணி சொட்டச் சொட்ட எழும்பி, நேரா எனக்க நெத்திலி மேல நடந்து போனான். ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள். நான் வைத வசவுக்கு வேற ஆளா இருந்தா ஊரை விட்டே ஓடியிருப்பான்.”

காஷிஃபின் முகம் விழுந்துவிட்டது. கேஸ் முடிந்தது என்று எழுதிய தீர்ப்பை அவனே கிழிக்க வேண்டியதாயிற்று. பிரேம்குமார் பாறையில் ஷூவோடுதான் நடந்திருக்கிறான். விழுந்தும் எழுந்திருக்கிறான்.

“அம்மா, இந்த ஷூவான்னு பாருங்க,” என்று அம்சவேணி டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

அந்தப் பெண் ஷூவை வாங்கித் திருப்பினாள், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், முகத்தைச் சுளித்தாள். “நெறமும் சைஸும் இதுதான். ஆனா எனக்க நெத்திலி பாதியும் அவன் கால்ல ஒட்டிட்டுத்தான் போச்சு. இதுல ஒரு செதில் இல்ல. உப்பும் பூக்கல்ல. பின்னே, இது மீன் நாத்தமும் இல்லியே.”

“அக்கா, குடுங்க.” காஷிஃப் பறித்து முகர்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான். மறுபடி முகர்ந்தான். “பாச்சை உருண்டை.”

“என்னது?”

“பீரோவுல துணிக்கு நடுவுல வெப்பாங்களே, பாச்சை உருண்டை. எங்க அம்மாவோட கல்யாணப் புடவை இதே வாசனைதான்.”

அம்சவேணியும் முகர்ந்து பார்த்தாள். அவள் கண்கள் சுருங்கி விரிந்தன. “நேத்து நம்ம யாருக்குமே தெரியலயே.”

“எப்படி தெரியும்? சாம்பிள் ரூம்ல சோல் ஒட்டுற சொல்யூஷன் நெடி. வெளிய வந்தா டேனரித் தோல் நெடி. ஆம்பூர்ல நம்ம மூக்கு சும்மா கண்ணாடி மாட்டுறதுக்குத்தான் இருக்குது. இங்க கடல் காத்துல வந்ததும் வேலைக்குத் திரும்பிடுச்சு.”

அம்சவேணி பாறையில் உட்கார்ந்தாள். “அப்ப இது ஒரு வாரம் நடந்த ஷூ இல்ல. பிரேம்குமார் நடந்தது உண்மை, ஆனா டப்பாவுல வந்தது வேற ஜோடி. அதே மாடல், அதே கலர், நடக்காத பல், பீரோ வாசனை. சரி, ஒருத்தன் கால்ல இருக்கற ஷூவை யாரும் மாத்த முடியாது. அவன் கழட்டி வெக்கற இடத்துலதான் மாத்த முடியும். அது எது?”

“நம்மாளு எங்கதான் கழட்ட மாட்டான்? டீக்கடை பெஞ்ச்சுல உக்காந்தாகூடக் கழட்டிட்டுக் காலை மடக்கிப்பான்.”

“ராத்திரி முழுக்கக் கழட்டி வெக்கற இடம் ஒண்ணுதான். தங்கின வீட்டு வாசல்.” அவள் போனை எடுத்தாள்.

பிரேம்குமார் முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

“எங்க தங்கினீங்க?”

“கடலைத் தாண்டி உள்ள போனா தோப்புக்குள்ள ஒரு வீடு மேடம். சூசைநாயகம் அண்ணன் வீடு. மீன்பிடி போட் எஞ்சின் ரிப்பேர் பண்றவரு. முன்ன வந்தப்பவும் அங்கதான்.”

“கிளம்பற அன்னைக்கு ஷூவை டப்பாவுல வெச்சது யாரு?”

“அண்ணன்தான். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாய்டுச்சு. அவரே பேப்பர் சுத்தி, டப்பாவுல வெச்சு, கயிறு கட்டிக் குடுத்தாரு. நான் செருப்பை மாட்டிக்கினு ஓடியாந்துட்டேன். இங்க திறந்தப்ப சுத்தமா இருந்துச்சு, அவரே கழுவித் தந்தாருன்னு நினைச்சேன்.”

“அவர்கிட்ட இதே மாதிரி ஷூ எதாவது இருக்கா?”

அந்தப் பக்கம் பிரேம்குமார் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. “ஐயோ மேடம். முன்ன ஆர்டர் கேன்சல் ஆனப்ப, எதுக்குத் தூக்கினு போறதுன்னு அந்த ஜோடியை அவருக்கே குடுத்துட்டு வந்தேன். போட்டுத் தேச்சிருப்பாருன்னு நினைச்சேன். எனக்கு அது ஞாபகத்துலயே இல்ல.”

“அவர் போன் நம்பர்?”

“வீட்டுலயே வெச்சிட்டுப் போய்டுவாரு மேடம். நேர்ல போனாத்தான் ஆளைப் பிடிக்க முடியும்.”

*

சூசைநாயகத்தின் வீட்டுக்கு வழி கேட்டு அலைந்ததிலேயே மதியம் தாண்டிவிட்டது. கடலுக்கு முதுகைக் காட்டிக் கொஞ்ச தூரம் நடந்ததுமே அலைச் சத்தம் அடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் வாழை. வாழைக்கு நடுவே வாய்க்கால். ஒரு குளம் நிறையத் தாமரை இலை, அதன் மேல் ஒரு கொக்கு அசையாமல் நின்று இவர்களைப் பார்த்தது. எங்கோ யாரோ தேங்காய் உரிக்கிற சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. வெயில் இருந்தும் தோப்புக்குள் உறைக்கவில்லை.

“அக்கா, அந்த வெளிநாட்டுக்காரங்க ஏன் இப்படி நடக்கறாங்கன்னு இப்பதான் புரியுது,” என்றான் காஷிஃப்.

“மணி பாத்தியா? ரெண்டரை.”

“பாத்தேன். அதான் ரசிச்சுக்கினே வேகமா நடக்குறேன்.”

அந்த வேகத்திலும் அவனுக்குக் கலையரசியின் முகம் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. பிரிந்தது அவள் ஒட்டிய சோல் இல்லை என்று இப்போது தெரியும். ஆனால் தெரிந்தால் போதுமா? அவள் ஒட்டிய ஜோடி கையில் கிடைக்க வேண்டும். அது கிடைத்து, அதுவும் வாயைப் பிளந்துகொண்டிருந்தால்? சொன்ன சொல்லுக்கு அவள் வேலையை விட்டுப் போய்விடுவாள். அவளைப் பார்த்தால் சொல் மாறுகிறவளாகத் தெரியவில்லை.

சூசைநாயகத்தின் வீட்டு வாசலில் அவர் மனைவி ரெஜினாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“ஷூவா? அது இப்ப வீட்டுல எங்க இருக்கு. தூங்கும்போ மட்டும்தான் கழத்துறாரு. காலையிலேயே அதை மாட்டிட்டுத் துறைமுகத்துக்குப் போயாச்சு. ரோட்டு வழி கிடையாது அவருக்கு, பாறை வழிதான். அந்த லுங்கியும் பூட்ஸும், பாக்க நல்ல கோமாளி மாதிரி இருக்கும் கேட்டியளா.”

காஷிஃபின் வாய் மெதுவாகத் திறந்தது. டப்பாவில் இருந்த இடது கால் ஷூவுக்கும் அவனுக்கும் அந்த நேரம் வித்தியாசம் இல்லை.

“காஷிஃப். இன்னா ஆச்சு?”

“அக்கா, திட்டக்கூடாது.”

“சொல்லு.”

“நம்ம தேடற ஷூ காலையில என் கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டுச்சு.”

*

ரெஜினாள் ஒரு ஆட்டோவைப் பிடித்துக் கொடுத்தார். அம்சவேணி வழி முழுக்க போனில் மணியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடக் காஷிஃபுக்குத் தேவலாம் போல இருந்தது.

துறைமுகத்தில் விசாரித்ததில், சூசைநாயகம் வேலை முடிந்து இப்போதுதான் பாறைப் பக்கம் போனார் என்றார்கள். இரண்டு பேரும் ஓடினார்கள். கடைசிப் பாறைக்கு முந்தின பாறையில் அவர் நின்றுகொண்டு, எண்ணெய்க் கையை அலைத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். அலை அவர் கணுக்கால் வரை வந்து பூட்ஸை நனைத்துவிட்டுப் போனது.

“அண்ணே, அந்தக் காலைக் கொஞ்சம் தூக்குங்க,” என்றாள் அம்சவேணி, மூச்சு வாங்க.

எதற்கு என்று கேட்காமல் அவர் பாறையைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கிக் காட்டினார். அம்சவேணி மண்டியிட்டு சோலின் ஓரம் முழுக்க விரலால் நிமிண்டிப் பார்த்தாள். பற்கள் தேய்ந்திருந்தன. இடுக்கில் செதில் இருந்தது. தையல் முழுக்க உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அவள் நகம் நுழைய ஒரு இடம்கூட இல்லை.

“வலது கால்.”

அதுவும் அப்படித்தான் இருந்தது. காஷிஃப் சந்தோஷத்தில் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“அண்ணே, பிரேம்குமாரோட ஷூவை ஏன் மாத்திக் குடுத்தீங்க?”

சூசைநாயகம் திருட்டுப் பட்டம் வருகிறதோ என்று ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு நேராகவே சொன்னார். “ஒரு வாரம் நம்ம வீட்டுல இருந்த பையன். போகும்போ அந்த ஷூவைப் பாத்தேன். சேறும் செதிலும் உப்புமா, பாக்கச் சகிக்கல்ல. அதைக் கட்டிக் குடுத்தா நம்ம ஊருக்கே கேவலம்லா? அவரு முன்னே எனக்குத் தந்த ஜோடியை நான் பீரோவுல பொன்னு போல வச்சிருந்தேன். பாலிஷ் போட்டு, பாச்சை உருண்டை போட்டு. நல்ல நாளுக்குப் போடணும்னு நெனச்சு, ஒரு நாளும் போட மனசு வரல்ல. அதை எடுத்துக் குடுத்தேன். அழுக்கு ஜோடியை நான் வச்சுக்கிட்டேன். அழுக்குத்தானேன்னு பயமில்லாம மாட்டிட்டு நடக்கேன்.”

“சொல்லிருக்கலாமே.”

“சொன்னா வாங்கிட்டுப் போவாரா? வேண்டாம்னுலா சொல்லுவாரு.”

அம்சவேணி காஷிஃபைப் பார்த்தாள். காஷிஃப் டப்பாவைப் பார்த்தான். திறக்காமல் இருக்க முடியாது. திறந்தான்.

சூசைநாயகம் பிரிந்து கிடந்த சோலைக் கையில் எடுத்தார். கறுத்து உரமேறிய அந்த மனிதர் குழந்தை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டார். “நான் பொத்திப் பொத்தில்லா வச்சிருந்தேன்,” என்றார். “ஒரு தடவ கூட கால்ல போடல்லியே.”

“போடாததாலதான் அண்ணே,” என்றாள் அம்சவேணி. “இந்த மாதிரி சோல் வருஷக்கணக்கா பூட்டி வெச்சா, ஈரக் காத்துல தானா உளுத்துப் போய்டும். நடந்துனே இருந்தா ஒண்ணும் ஆகாது.”

அவர் முகம் தெளியவில்லை. காஷிஃபுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தாங்கவில்லை. “அண்ணே, எங்க பெரியப்பா பையன் ஒவைஸ்னு ஒருத்தன்,” என்று ஆரம்பித்துவிட்டான். நிக்கா, பெட்டி, ஆறு வருஷம், மண்டபம், மேடைக்குப் போன மாப்பிள்ளை, வாசலில் நின்ற சோல்.

சூசைநாயகம் ஒரு கணம் அவனையே பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். பாறையில் கை தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்த ஜோக்குக்குக் கிடைத்த முதல் சிரிப்பு அதுதான். காஷிஃபுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அம்சவேணியின் போன் அடித்தது. தன்சீல் அகமது.

“அம்சவேணி, அவங்க லைன்ல வந்துட்டாங்க. கலையரசியும் பிரேம்குமாரும் இங்கதான் உக்காந்துக்குறாங்க. நான் இன்னா சொல்லட்டும்?”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் பாய். வீடியோ போடுங்க. அவங்களையும் சேருங்க. பாக்கச் சொல்லுங்க, போதும்.”

காஷிஃப் போனை வாங்கிக் கேமராவைத் திருப்பிப் பிடித்தான். திரையில் முதலில் கடல் வந்தது. பிறகு பாறை. பிறகு மடித்துக் கட்டிய லுங்கி. அதற்குக் கீழே அந்த ஜோடி.

“அண்ணே, நீங்க எப்பவும் நடக்கற மாதிரி நடங்க.”

சூசைநாயகத்துக்கு விஷயம் பாதிதான் புரிந்தது. நடக்கச் சொன்னது மட்டும் நன்றாகப் புரிந்தது. ஒரு பாறையில் இருந்து அடுத்ததற்குத் தாவினார். பாசியில் கால் வைத்தார், வழுக்கவில்லை. குழிக்குள் இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்து அந்தப் பக்கம் ஏறினார். பெரிய அலை ஒன்று வந்து அவரையும் ஷூவையும் சேர்த்துக் குளிப்பாட்டியது. ஈரம் சொட்டத் திரும்பி வந்து, யாரும் கேட்காமலே பாறையைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கி சோலைக் கேமராவுக்குக் காட்டினார். பின்னால் நெத்திலிக்காரி வந்து நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கம் யாரோ ஒரு அம்மாள் இங்கிலீஷில் படபடவென்று ஏதோ சொல்வது கேட்டது. பிறகு தன்சீல் அகமதுவின் குரல் வந்தது.

“ஆர்டர் நமக்குத்தான்னு சொல்லிட்டாங்க. கலையரசி, அழாதம்மா. வேலையை விட்டுப் போறதைப் பத்தி இனிமே பேசாத. காஷிஃப், அவங்க ஒண்ணு கேக்குறாங்க. அந்த ஜோடியை அவங்க ஆபீஸ்ல வெக்கணுமாம், கண்ணாடிப் பெட்டிக்குள்ள. அவரைக் கழட்டித் தரச் சொல்லு.”

காஷிஃப் அதைச் சொன்னான். சூசைநாயகம் இரண்டு அடி பின்னால் போனார்.

“ஒரு ஜோடியைப் பெட்டிக்குள்ள வச்சு நான் பட்டது போதாதா? இதைக் கழத்த மாட்டேன்னு சொல்லும்.”

ஆம்பூரில் சின்ன சலசலப்பு. நாற்காலி நகரும் சத்தம். திரையில் கலையரசியின் முகம் வந்தது. மூக்கு சிவந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சார், அவங்களுக்கு நான் வேற ஜோடி ஒட்டித் தர்றேன். அது அண்ணன்கிட்டயே இருக்கட்டும்,” என்றாள். பிறகு திரைக்குப் பக்கத்தில் குனிந்து, கடலுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னாள். “அண்ணே, அதைத் தயவுசெஞ்சு பீரோவுல மட்டும் வெச்சிடாதீங்க.”